கட்டில் எண் 41, உரியவர் வெளியே

அனுப்புநர்:
பதிவு எண் 41,
பெண்கள் இரவுத் தங்குமிடம்.
(நான்கு ஆண்டுகளாக மதிய உணவுக் கூடத்தில் தன்னார்வலர். பெயர் தங்கள் பதிவேட்டில் உள்ளது.)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
வீடற்றோர் நல அலுவலகம்.

பொருள்: கணக்கெடுப்பில் இரு பெண்கள் இடம் மாறிப் பதிவானது – ஒரே உத்தரவில் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்கு வீடு இருக்கிறது. இரண்டு அறைகள், ஒரு சமையலறை, அம்மா. தங்கள் பதிவேட்டின்படி இல்லை.

2. எங்கள் உணவுக் கூடத்துக்கு வீடில்லாத அறுபது பேர் தினமும் சாப்பிட வருகிறார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கரண்டி கைமாறும். சாப்பிட வருபவர்களில் ஒருவர் பரிமாறுவார். பரிமாறுபவர் தட்டோடு வரிசையில் உட்காருவார். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் சமையல்கார அம்மாள். "கீழ உக்காந்து பாத்தாத்தான் ரெண்டாம் தடவை கேக்க எவ்வளவு கூச்சமா இருக்கும்னு தெரியும்" என்பார். தெரிந்தது.

3. கடந்த மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கரண்டி ஜன்னல் அக்காவிடம் இருந்தது. ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். ஐம்பது வயதிருக்கும். மருத்துவமனையின் வெளித் தாழ்வாரத்தில் ஐந்து ஆண்டுகளாகப் படுக்கிறார். அன்று என் மேலங்கியைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

4. தங்கள் கணக்கெடுப்பாளர்கள் அப்போது வந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பட்டியல், நிற்பவர்கள் ஒரு பட்டியல். என் வாய் நிறையச் சாப்பாடு. "நீங்க சாப்பிடுங்கம்மா, இடது கையை மட்டும் குடுங்க" என்றார் கணக்கெடுத்த பெண்மணி. அன்பாகத்தான் சொன்னார். கொடுத்தேன். சாப்பாட்டுக்கான வருகைப் பதிவு என்று நினைத்தேன். ரேகை வைத்ததும் கருவியில் என் பெயர் வந்துவிட்டது.

5. பிறகு ஜன்னல் அக்காவிடம், "நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"பரிமாறுறேன்."

அது பொய் இல்லை. அவர் பரிமாறிக்கொண்டுதான் இருந்தார். என் காதில் விழுந்தது. எழுந்து திருத்தியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன், எழவில்லை. பின்னொரு நாள் அவரே சொன்னார்: "அஞ்சு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் என்ன வேலைன்னு கேட்டாங்க தங்கச்சி. வேற என்ன சொல்லச் சொல்ற?" இந்த மனுவில் என் தவறு என்று ஒன்று இருந்தால், அது இந்தப் பத்தியில் இருக்கிறது.

6. ஜூன் நடுவில் தங்குமிடத்தின் கட்டில் அட்டை என் பெயருக்கு வந்தது. எண் 41. அக்காவுக்குத் தன்னார்வலர் சான்றிதழ் வந்தது. நெகிழித் தாளில் சுற்றி வைத்திருக்கிறார். மழைக்கு.

7. தங்கள் அலுவலகத்துக்கு ஒன்பது முறை வந்தேன். இரண்டாம் மேசை எழுத்தர் பொறுமையானவர். "நீக்கச் சொன்னா இன்னைக்கே நீக்கிடலாம்மா. சேர்க்கத்தான் முடியாது. அடுத்த கணக்கெடுப்பு மூணு வருஷம் கழிச்சு." என்னை நீக்கினால் கட்டில் அக்காவுக்குப் போகுமா என்று கேட்டேன். கட்டிலும் எண்ணிக்கையிலிருந்து குறைந்துவிடும் என்றார். "வீடு இருக்குன்னா சந்தோஷமா போங்களேன். ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

8. தங்குமிட விதி: தொடர்ந்து மூன்று இரவு காலியாக இருக்கும் கட்டில் ரத்து செய்யப்படும். வாசலில் ரேகை வைக்க வேண்டும். வேறு ஆள் படுக்க முடியாது. மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். ஆகவே இரண்டு நாள் வீட்டில், மூன்றாம் நாள் அங்கே. இதுவரை முப்பத்தெட்டு இரவுகள். கட்டில் ஜன்னலை ஒட்டியது. அதிலிருந்து பார்த்தால் மருத்துவமனையின் மதில் தெரியும். தாழ்வாரம் தெரியாது.

9. அம்மா என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. "வீட்டுல பாய் விரிச்சு வெச்சிருக்கேன். எவ கட்டிலையோ காவல் காக்கப் போறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அக்காவும் தட்டை நீட்டியபடி கேட்கிறார்: "என் கட்டில்ல தூக்கம் நல்லா வருதா?" வரிசையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும்தான். சிரித்த பிறகு இருமுகிறார். இருமல் செப்டம்பரில் தொடங்கியது.

10. வீட்டு மின்கட்டண ரசீது என் பையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் நான் பதிவேட்டிலிருந்து வெளியே வந்துவிடுவேன். ஒன்பது முறையும் எடுத்துச் சென்றேன். ஒன்பது முறையும் திரும்பக் கொண்டுவந்தேன்.

11. ஆகவே வேண்டுவது ஒன்றுதான். ஒரே உத்தரவில், முதலில் அக்காவை 41இல் சேர்த்து, அதன் பிறகு என்னை நீக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. ரசீதின் நகலை இத்துடன் இணைக்கவில்லை. அக்கா உள்ளே படுத்த மறுநாள் காலை நானே நேரில் தருகிறேன்.

12. மழைக்காலம் தொடங்கிவிட்டது. அடுத்த முறை நான் உள்ளே இருக்க வேண்டிய நாள் வியாழன். அதற்குள் தாங்கள் இதைப் படிக்க வேண்டும்.

நாள்: 9 அக்டோபர்
இடம்: பெண்கள் இரவுத் தங்குமிடம், கட்டில் 41

இப்படிக்கு,
இடது பெருவிரல் ரேகை
(கையெழுத்துப் போடத் தெரியும். பதிவேட்டில் இருப்பது இதுதான் என்பதால்.)

சாட்சி: பதிவுபெற்ற தன்னார்வலர் ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். எங்கள் கூடத்தில் கணக்கெடுப்பன்று தன்னார்வலராகப் பதிவானவர் ஒருவரே. ஜன்னல் அக்கா கீழே கையொப்பமிட்டுள்ளார்.

சாட்சியின் முகவரி: