உயிரோடு இருந்தவருக்குக் கொடுத்த திதி

தென்காசி,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

புனலூரில் இருக்கும் குழல்வாய்மொழி பெரியம்மா அவர்களுக்கு, தென்காசியிலிருந்து உலகம்மாள் விழுந்து வணங்கி எழுதுவது. அம்மன் காத்து இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

என்னை ஞாபகம் இருக்குமோ என்னவோ. உங்கள் சித்தப்பா நல்லதம்பியின் பேரன் குமரகுருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். உங்கள் பேத்தி கல்யாணப் பத்திரிகை எங்களுக்கும் வந்தது. நாங்கள் வரவில்லை, ஒரு வரி வாழ்த்துக்கூட எழுதவில்லை. அந்தப் பத்திரிகையில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். கண் சரியாகத் தெரியாமல் உங்கள் மகள் ஸ்ரீமதி படித்துக் காட்டுவதாக இருந்தால், ஸ்ரீமதி, அம்மா சாப்பிட்டு முடித்த பிறகு படி. நிறுத்தி நிறுத்திப் படி.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. குற்றாலத்துக்குப் போகிற கார்களால் ரோட்டைக் கடக்க முடியவில்லை. குத்துக்கல்வலசையில் எங்களுக்கு இருக்கும் நிலத்தை பிளாட் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கிளம்பியிருக்கிறார். அதற்குப் பழைய கோர்ட் தீர்ப்பு வேண்டும் என்று வக்கீல் துல்கர்னைன் சொன்னார். மனுப் போட்டு நகல் வாங்கினோம். ஒரு கட்டாக வந்தது. இவர் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை வீட்டில் போட்டுவிட்டார். வீட்டுக் காகிதம் எல்லாம் என் பொறுப்பு. படிக்காமல் எதையும் பெட்டியில் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பழைய எழுத்து, கூட்டிக் கூட்டித்தான் படித்தேன்.

வழக்கு உங்கள் அம்மாவுக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் நடந்தது. கொழும்புக்குப் போன தன் அண்ணன், உங்கள் அப்பா குத்தாலிங்கம், காலராவில் இறந்துவிட்டார், சொத்து முழுவதும் தனக்கு என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மா கூண்டில் ஏறி நின்று சொன்னதைக் குமாஸ்தா அப்படியே எழுதி வைத்திருக்கிறார். "அவுக இருக்காக. நான் தாலிய அறுக்க மாட்டேன். கண்ணால பாத்தவன் யாரு, அவன் வந்து சொல்லட்டும்" என்று இருக்கிறது. ஒருவரும் வந்து சொல்லவில்லை, பெரியம்மா. ஆனால் கருமாதி செய்துவைத்தவரும், அன்றைக்கு வந்த நாவிதரும் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. வக்கீல்தான் வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னார். உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு எந்தத் தம்பியும் கருமாதி செய்ய மாட்டான், அதோடு வருஷம் தவறாமல் திதியும் கொடுத்து வருகிறான், ஆகவே அண்ணன் இறந்தது நிஜம் என்று முடித்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்தத் திதிக்கு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, நான்தானே சமைக்கிறேன்.

அப்போதும் அவர் இறந்ததில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வேறு ஒன்றுதான் உறுத்தியது. சித்தப்பா தன் சாட்சியத்தில், அண்ணன் ஐப்பசியில் இறந்ததாகவும் அது கொழும்புப் பேப்பரில் வந்ததாகவும் சொல்லியிருந்தார். நாங்கள் திதி கொடுப்பது ஆவணியில். இத்தனை காலம் தப்பான நாளில் செய்திருக்கிறோமே, அந்த ஆத்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காதே என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. சரியான நாளைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் வித்யாலட்சுமியிடம் சொன்னேன். அங்கே கொழும்புப் பேப்பர் உட்படப் பழைய பேப்பர்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் ஒன்று இருக்கிறதாம். லீவு நாளில் எல்லாம் போய் உட்கார்ந்து தேடினாள். அந்த வருஷத்து ஐப்பசியில் அவர் பெயர் இல்லை. கார்த்திகையிலும் இல்லை. "எம்மா, யாருன்னே தெரியாத தாத்தாவுக்காக என்னய இப்படித் தூசி திங்க வைக்கியே" என்று போனில் சலித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே விட மனசில்லாமல், அடுத்தடுத்த வருஷங்களையும் பார்த்திருக்கிறாள்.

தீர்ப்பு வந்ததற்கு அடுத்த வருஷத்துப் பேப்பரில் உங்கள் அப்பா இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். உங்கள் அம்மாவைத் தேடி விளம்பரம் கொடுத்திருக்கிறார்.

பெரியம்மா, கருமாதி எள் காய்வதற்குள் உங்கள் அம்மாவையும் உங்களையும் இந்த வீட்டிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். செங்கோட்டை தாண்டிப் போய் உங்கள் அம்மா வேலை செய்து உங்களை வளர்த்ததும், சாகும்வரை தாலியும் குங்குமமுமாக இருந்ததும் எங்கள் வீட்டில் பேச்சாகத்தான் இருந்தது. "செத்த புருசனுக்குப் பூ வச்சிக்கிட்டுத் திரியுதா பாரு" என்று என் மாமியார் சொல்வார்கள். அடுப்படியில் நின்று நானும் சிரித்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை.

நான் வந்த புதிதில் ஒரு ஆவணியில் நீங்கள் வந்தீர்கள். "அம்மைக்குத் தெரியாம வந்திருக்கேன், எங்க அப்பாவுக்குப் போட்ட எலையப் பாத்துட்டுப் போயிருதேன்" என்றீர்கள். அந்த இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, அழுதுகொண்டே எழுந்தீர்கள். என் மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்? உங்களுக்கு வடையும் பாயசமும் பரிமாறியவள் நான். உங்கள் அம்மா சொன்னதை விட்டு, எங்கள் வீட்டு இலையை உங்களை நம்ப வைத்துவிட்டோமே என்று நினைக்கும்போது சாமி முன்னால் நிற்கவே கூசுகிறது. விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

இவரிடம் சொன்னேன். இந்த ஆவணியில் இலை போட மாட்டேன் என்றும், உங்களுக்கு எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். "ஏட்டி, எண்பது வருசத்துக்கு முந்தின கதைக்கு இப்ப எதுக்கு உசுரு குடுக்க? அவுக வக்கீலோட வந்து நின்னா பிளாட்டா விப்பேன், உன் பஞ்சாங்கத்தத்தான் விக்கணும்" என்று கத்தினார். அன்றிலிருந்து சரியாகப் பேச்சில்லை. நேற்று, தானாகவே, "எழுதுததுன்னா என் பேரையும் சேத்து எழுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிட்டு வெளியே போனார். என்ன நினைத்துச் சொன்னாரோ, எழுதிவிட்டேன். கோர்ட் காகிதம் முழுவதையும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அதை வைத்து நீங்கள் என்ன செய்தாலும் சரி. நிலத்தைப் பற்றி நான் பேசினால் அது பேரம் மாதிரி ஆகிவிடும்.

பேப்பர் விளம்பரத்தின் படமும் உள்ளே இருக்கிறது. எழுத்து மங்கி இருப்பதால் இங்கே பார்த்து எழுதுகிறேன்:

"தென்காசி குத்தாலிங்கம் அறிவிப்பது. என் மனைவி சொக்கம்மாளுக்கு நான் எழுதும் காகிதங்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. நான் புறப்பட்டபோது அவள் முழுகாமல் இருந்தாள். உடம்பு சுகமில்லாததால் நேரில் வர இயலவில்லை. அவள் எங்கே இருக்கிறாள், பிறந்தது ஆணா பெண்ணா என்று ஊரார் யாரேனும் தயவுசெய்து எழுதவும்."

அதற்குப் பிறகு அவர் பெயர் எங்கும் கிடைக்கவில்லை. எப்போது போனார், யார் கொள்ளி வைத்தார்கள் என்று தெரியவில்லை. போன நாள் தெரியாதவர்களுக்குப் புரட்டாசி அமாவாசையில் செய்யலாம் என்று குருக்கள் சொன்னார். மகள் செய்தால் ஆகுமா என்று கேட்டேன். "மக கையில விடுத தண்ணி போவாம வேற எங்க போவும்?" என்றார்.

பெரியம்மா, அன்றைக்குக் குற்றாலத்துக்கு வாருங்கள். முடியாவிட்டால் புனலூர் ஆற்றிலேயே செய்யுங்கள். எங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் நாங்கள் அந்தப் பக்கமே வர மாட்டோம். மன்னிப்பு கேட்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை. அவர் கேட்டதற்கு இந்த ஊரில் ஒருவரும் பதில் எழுதவில்லை. எள்ளும் தண்ணீரும் விடும்போது, பிறந்தது பெண்தான் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பாதம் தொட்டு,
உலகம்மாள்,
குமரகுரு.