விளக்கு வைத்த முகங்கள்

கண்டி
10.01.2025

அன்பின் பூரணிக்கு,

இங்கே நான் சுகம். உன் சுகத்தை யாரிடம் விசாரிப்பது? தோட்டத்தில் உங்கள் லய வீடுகளுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் உன் கைபேசிக்கு அழைப்பு வரும் என்கிறாய். ஏறவும் மாட்டேன் என்கிறாய். விடுதியில் ஒரே அறையில் நாலு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இப்படித் தபாலில்தான் நல்ல செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்தி இதுதான். நீ அடுப்புக்கரியில் வரைந்த ஒன்பது முகங்களையும் எங்கள் பல்கலைக்கழக நூதனசாலை எடுக்கிறது. மார்ச்சில் கண்காட்சி. அது முடிந்த பிறகும் ஒன்பதும் இங்கேயே, நிரந்தரச் சேகரிப்பில். தேயிலைக்கு இந்த நாட்டில் எத்தனை நூதனசாலை இருக்கிறது பார். இயந்திரம் இருக்கும், துரையின் சாய்மனைக் கதிரை இருக்கும். கொழுந்து பறிக்கிறவளின் முகத்தை யாரும் சுவரில் மாட்டியதில்லை. குழுவில் ஒரு பெரியவர், "கரி எத்தனை காலத்துக்கு நிற்கும்?" என்று கேட்டார். "அவர்கள் மலையில் நின்ற காலத்துக்காவது நிற்கும், ஐயா" என்றேன். எனக்கு வாய் நீளம் என்று நீதானே சொல்வாய்.

இது என் பொறுப்பில் நடக்கும் முதல் கண்காட்சி. நல்லபடி முடிந்தால் என் வேலையும் நிரந்தரமாகும். ஒப்பந்தத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடு. அம்மாவுக்கு என் பொங்கல் வாழ்த்து. மூக்குத்தி போடாமல் படத்துக்கு உட்கார மாட்டேன் என்று அவர் அடம்பிடித்த கதையைக் குழுவிலும் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டேன்.

அன்புடன்,
சிவகௌரி


ராகலை
02.02.2025

அன்புள்ள கௌரி,

கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். முழுக்கப் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நீ அனுப்பியது, போட்டேன், அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த நாளில் வீட்டில் சந்தோஷப்பட முடியவில்லை. வீரம்மா அக்கா இறந்துவிட்டார். ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்து கொட்டியது. எல்லோரும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவர் பின்னால் வந்த பிள்ளைத்தாய்ச்சிக்குத் தன் படங்கைக் கொடுத்துவிட்டார். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதே மூச்சு நின்றுவிட்டது. நான் வரைந்தவர்களில் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம், "காது பெருசா இருக்கு, மூக்கு கோணலா இருக்கு" என்று பஞ்சாயத்து வைத்தார்கள்.

ஒரு சின்ன உதவி கேட்கிறேன். வீரம்மா அக்காவின் படத்துக்கு முன்னால் மட்டும் ஒரு விளக்கு வைக்க முடியுமா? திறப்பு விழாவுக்கு அம்மாவும் மற்றவர்களும் வருகிறார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பேர் விழாது, ஒருநாள் சம்பளம் போகும். போனால் போகட்டும் என்கிறார்கள். வந்து பார்க்கும்போது அந்த ஒரு முகத்துக்காவது மரியாதை செய்திருக்க வேண்டும்.

அம்மா புதுச்சேலை எடுத்தாயிற்று. ராக்காயி அக்காவும் அதே நிறத்தில் எடுத்துவிட்டார் என்று இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

அன்புடன்,
பூரணி


கண்டி
11.02.2025

அன்பின் பூரணி,

வீரம்மாவின் செய்தியை இரண்டு முறை வாசித்தேன். அவருடைய கண்களை நேற்றுத்தான் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தோம்.

மண்டபத்துக்குள் நெருப்புக் கூடாது, அது மாற்ற முடியாத விதி. ஆனால் சாமிப் படத்துக்கு வைக்கும் சிவப்புக் குமிழ் மின்விளக்கு ஒன்று வைக்கலாம். காட்சி அமைப்பாளர் திலினவிடம் சிங்களத்தில் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். நல்ல கைக்காரன், கவனமானவன். ராகலை டவுனுக்குப் பல்கலைக்கழக பஸ் வரும். எல்லோரையும் முன்வரிசையில் உட்கார வைப்பேன், கவலைப்படாதே.

அன்புடன்,
கௌரி


ராகலை
25.03.2025

அன்புள்ள கௌரி,

விழா முடிந்து நீ என்னைத் தேடியிருப்பாய். சொல்லாமல் கிளம்பிவிட்டோம். ஏன் என்று நீ இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் எழுதுகிறேன்.

நீ மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் படம் பார்க்கும் ஆசை பொறுக்கவில்லை, எழுந்து மண்டபத்துக்குள் போனார்கள். வெளிச்சம் குறைவு. ஒன்பது படம், ஒன்பது படத்துக்கு முன்னாலும் சிவப்பு விளக்கு. ஒன்று இல்லை கௌரி, ஒன்பது. உள்ளே போனவர்கள் அவரவர் முகத்துக்கு முன்னால் நின்றார்கள். எங்கள் லயத்தில் விளக்கு எரிகிற படங்கள் எல்லாம் யாருடையவை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தன் விளக்கை அணைக்கப் பார்த்தார். காவலுக்கு நின்றவர், "அத தியன்ன எபா" என்றார், தொடாதே என்று. அம்மா கையை எடுத்துவிட்டார்.

பஸ்ஸில் முதலில் சிரிப்புத்தான். ராக்காயி அக்கா, "நாமதான் செத்துப்போய்ட்டோமே, நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போக வேணாம். கங்காணி கேட்டா காட்டுக்குப் போய்ட்டாங்கன்னு சொல்லிருங்க" என்றார். அம்மாவும், "ஏண்டி பூரணி, நான் எதுல செத்தேன்? அதையும் எழுதிப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். நுவரெலியா தாண்டியதும் அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

விளக்குகளை எடுத்துவிடு. படங்களையும் இறக்கி அனுப்பிவிடு. வீரம்மா அக்காவின் படம் இருக்கட்டும், மற்ற எட்டும் வர வேண்டும். படங்களுக்கு நூதனசாலை கொடுத்த பணத்தைத் திருப்பித் தருகிறேன்.

பூரணி


கண்டி
02.04.2025

என் பூரணிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எட்டு விளக்குகளையும் எடுத்துவிட்டேன்.

ஒன்றுக்கு மட்டும் விளக்கு வைத்தால் சுவரின் அமைப்புக் கெடுகிறது என்று திலின எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டான். அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். முதல்நாள் மாலை போய்ப் பார்த்தேன். ஒரு கணம் உறுத்தியது. ஆனால் அந்த இருட்டில் ஒன்பது முகமும் அப்படியே உயிரோடு எழும்பி வந்தமாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். சாமிப் படத்துக்கும்தானே இதே விளக்கு வைக்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படங்களை அனுப்பச் சொல்கிறாய். அவை இப்போது பல்கலைக்கழகத்தின் சொத்து. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டாகிவிட்டது. சேகரிப்பிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கக் குழு கூட வேண்டும், காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவேன்? நுண்கலை படித்து, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கும் நீயே இப்படி எழுதினால் நான் அவர்களிடம் என்ன சொல்வது? கோபப்படாதே. பத்திரிகைகளில் எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை அழுதாள்.

அன்புடன்,
கௌரி


ராகலை
27.04.2025

கௌரி,

அந்தப் பிள்ளை எதற்கு அழுதாள் என்று கேட்டாயா? செத்துப்போன ஒரு அம்மாவைப் பார்க்கிறோம் என்று நினைத்து அழுதிருப்பாள்.

சாமிக்கும் விளக்கு வைக்கிறோம், சரி. நாங்கள் சாமி இல்லையே. மனுஷருக்கு எப்போது விளக்கு வைப்பது என்று உன் வீட்டுச் சுவரில் இருக்கும் உன் அப்பாவைக் கேள். எனக்கும் இதில் நம்பிக்கை இல்லை. விளக்கு யாரையும் கொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் நம்பாததால் அம்மா நம்பாமல் இருப்பாரா?

அம்மா பிரஷர் குளிசை போடுவதை நிறுத்திவிட்டார். முதலில் விளையாட்டுக்குத்தான், "செத்தவளுக்கு எதுக்குடி குளிச" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். பெரட்டில் பேர் கூப்பிடும்போது சத்தம் கொடுப்பதில்லை, பக்கத்தில் நிற்பவர்தான், "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். சித்திரைப் பிறப்புக்கு எண்ணெய் வைக்கவில்லை, புதுச்சேலையை உடுத்தவில்லை. நான் திட்டினேன், அழுதேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். "நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாது" என்கிறார்.

மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பயமுறுத்தவில்லை. "அந்தப் படத்த அவங்க கையாலயே எடுத்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு, வீட்டுக்குக் கொண்டாந்துட்டாப் போதும். மனசு ஆறிரும்" என்றார். அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். "கௌரிப் புள்ள அனுப்பிரும்" என்றார். உன்னைத்தான் நம்பியிருக்கிறார்.

எட்டு வேண்டாம். இப்போதைக்கு ஒன்று. ஒரு நாளைக்கு மட்டும் இரவல் கொடு. கண்ணாடியைத் துடைத்துத் திருப்பித் தருகிறேன். நான் உன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

பூரணி


கண்டி
09.05.2025

என் பூரணிக்கு,

படித்துவிட்டு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, தயவுசெய்து. குளிசையைச் சோற்றில் கலந்தாவது கொடு.

குழு அடுத்த மாதக் கடைசியில்தான் கூடும். பணிப்பாளரிடம் தனியாகக் கேட்டேன். இரவலுக்கும் காப்புறுதி வேண்டும் என்றார், மஞ்சள் தண்ணீர் என்றதும் கையை விரித்துவிட்டார். ஒரு வாடகை வானைப் பிடித்து நானே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். மண்டபப் பூட்டின் திறப்பு என் கையில்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதம்தான் என் நிரந்தர நியமனம் மேசைக்கு வருகிறது. இதை இழந்தால் இனி மலையகத்துப் படம் ஒன்றை இந்த வாசலுக்குள் கொண்டுவர யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் பொறு. முறையாக எடுத்துத் தருகிறேன். அம்மாவிடம் அப்படியே சொல்.

உன் கௌரி


கண்டி
04.07.2025

என் அன்பான பூரணி,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தோட்ட ஆபிசுக்குக் கூப்பிட்டேன், கிளார்க் ஐயா, "சொல்லிவிடுகிறேன்" என்று வைத்துவிட்டார். கோபமாக இரு, ஆனால் இதைப் படி.

குழு சம்மதித்துவிட்டது! மூன்று மணிநேரம் சண்டை போட்டேன். சண்முகவடிவு என்று பெயரிட்ட அம்மாவின் படம் மட்டும் குடும்பத்திடம் நீண்டகால இரவலாகப் போகலாம். மற்ற ஏழையும் விட முடியாது, சேகரிப்பு உடைந்துவிடும் என்கிறார்கள். அது பிறகு பார்க்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை நூதனசாலை வான் வரும். திலினவும் வருகிறான். அம்மா தன் கையால் பெட்டியைத் திறக்கட்டும், மஞ்சள் தண்ணீர் தெளிக்கட்டும், யார் கேட்கப்போகிறார்கள்? என் நியமனமும் வந்துவிட்டது. ஆடிப் பூசைக்கு நான் வருகிறேன், அம்மா கையால் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட.

அன்புடன்,
கௌரி


ராகலை
14.07.2025

கௌரிக்கு,

அம்மா ஜூன் பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டார். மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றபோது மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ எழுதியது போலக் குளிசையைச் சோற்றில் கலந்து கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு என் கையால் சாப்பிடவில்லை, ராக்காயி அக்காதான் சோறு கொடுத்தார். கடைசி மாதம் இப்படித்தான் போனது. இதற்கு நான் யாரிடம் போய் அழுவது?

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. "கொஞ்சம் பொறு" என்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பொறுப்போம்" என்றுதான் சொன்னார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வான் வந்தது. பெட்டியை நான் திறக்கவில்லை. திலின விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் டிரைவருக்கும் தேத்தண்ணி கொடுத்தோம். அந்த மனுஷன்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று நீ சொல்லிவிடு, என் சிங்களம் அதற்குப் போதவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காரியத்துக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். நீ அனுப்பியது அம்மா உயிரோடு இருக்கும்போது வேண்டும் என்று கேட்ட படம். இப்போது அதை வைத்து நான் என்ன செய்ய?

வானைச் சுற்றி மற்ற ஏழு பேரும் வந்து நின்றார்கள். ராக்காயி அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதானா? எங்களுது?" என்று கேட்டார். வான் திரும்பும்வரை அப்படியே நின்றார்கள். ராக்காயி அக்கா சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. இன்றும் போகவில்லை.

வீரம்மா அக்கா படத்துக்கு விளக்கு இருக்கிறதுதானே. அம்மா படத்துக்கும் ஒன்று வைத்துவிடு. இனிமேல் வைக்கலாம். மற்ற ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கௌரி. அவர்களை வீட்டுக்கு அனுப்பு. அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

சண்முகவடிவு மகள்
பூரணி