தனி ஆணியில் என் துண்டு

மார்ச் 4
முழங்கை இரண்டிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. உதிரும் செதிலைக் குவித்தால் ஒரு மலையே எழும்பும், பக்கத்து நாட்டுக்காரன் படம் பிடிக்க வருவான். தங்கை புருஷன் கைப்பேசியைத் தடவிப் பார்த்துத் தீர்ப்பு வழங்கினார்: "மச்சான், இது படர்தாமரை. பயங்கரமா ஒட்டும்." சொல்லிக்கொண்டே இடுப்பைச் சொறிந்தார். மகா வைத்தியர்.

மார்ச் 5
எனக்குத் தனித் தட்டு, தனி சோப்பு. பின்கதவில் என் துண்டுக்கென்று தனி ஆணி. சக்கரவர்த்திகளுக்குக்கூட இப்படி நடந்ததில்லை.

மார்ச் 9
தங்கை மகள் வாண்டு, வழக்கம்போல என் முதுகில் யானைச் சவாரிக்கு ஓடி வந்தாள். பாதியிலேயே அம்மாக்காரி பிடித்துவிட்டாள். "மாமாவைத் தொடக்கூடாதுடி, ஒட்டிக்கும்."
"யானையையுமா?"
அம்மாக்காரி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். யானை தன் தனித் தட்டைக் கழுவப் போனது.

மார்ச் 16
தோல் டாக்டரம்மா. மாப்பிள்ளை சாட்சிக்கு வந்தார். அந்தம்மா செதிலைப் பிளேடால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, ஊறிய பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.
"பூஞ்சையே இல்ல. இது சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது."
"எப்பம்மா போகும்?"
"அடக்கி வைக்கலாம். முழுசா போகாது."
ஒட்டவும் ஒட்டாது, போகவும் போகாது. என்னைப் போலவே.
அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை இடுப்பைச் சொறிய, "நீங்க சட்டையைத் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா. பெல்ட்டுக்கு மேலே வளையங்கள்: ஓரம் சிவந்து, நடுவே தெளிந்து. அதையும் சுரண்டினார். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். கிளை கிளையாகப் பூஞ்சை நூல்கள்.
"இதுதான் படர்தாமரை. உங்க துண்டைத் தனியா வைங்க."
வழியெல்லாம் சிரிப்பை அடக்கியதில் விலா எலும்பில் பாதி போய்விட்டது.

மார்ச் 17
"இன்னொரு ஆணி அடிக்கட்டுமா?" என்றேன் தங்கையிடம்.
"சும்மா இருண்ணே. அவருக்கு வேர்வை. களிம்பு போட்டா போயிடும்."
மாப்பிள்ளை தன் துண்டாலேயே வாண்டுக்குத் தலை துவட்டினார். அது ஒட்டும் என்று சொன்னேன். அவள் கழுத்தையும் சேர்த்துத் துவட்டினார்.

மார்ச் 24
என் துண்டு? இன்னும் ஆணியில்தான்.
"ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே..."
"இருந்தாலும் பார்க்க ஒரு மாதிரி இருக்குண்ணே."
அவ வாயால. என்கூடப் பொறந்தவ.

ஏப்ரல் 2
மாப்பிள்ளைக்கு நன்றாக ஆறி வருகிறதாம்.

ஏப்ரல் 6
வாண்டு கழுத்தில் சின்னதாக ஒரு வளையம். ஓரம் சிவந்து, நடுவே தெளிந்து.
அவள் என் முதுகில் ஏறி ஒரு மாதமாகிறது.
தங்கை குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முழங்கையைப் பார்த்தாள்.