செல்வியின் வாடகை ஒப்பந்தம்

ஜூன் 14, சனி

காலையிலிருந்து மழை. குடையை மறுபடி பஸ்ஸில் விட்டாயிற்று. என்னைப் போல ஒரு மடைச்சி இல்லை.

கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி, எனது முறை. வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததோடு சரி. மூன்றாவது செல்வி. முப்பத்திரண்டு வயது, பார்வை இல்லை. காலி வீதியில் ஒரு கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ். வேலைக்குப் பக்கத்தில் தனியறை ஒன்று பார்த்திருக்கிறாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்டர்; அண்ணன் பெயரில் எழுதினால்தான் தருவாராம்.

"அண்ணா நல்லவர்தான் அக்கா. ஆனா அவற்ற பேரில எழுதினா அது அவற்ற அறை."

மாஸ்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"பிள்ளை விழுந்து கிழுந்து போனா ஆர் பொறுப்பு?"

"நீங்க விழுந்தா ஆர் பொறுப்பு மாஸ்டர்?"

கொஞ்சம் உரத்துத்தான் கேட்டுவிட்டேன். மனிதருக்கு எழுபத்திநாலு வயதாம். அரை மணி நேர வாய்ச்சண்டைக்குப் பிறகு இறங்கி வந்தார்: செல்வி பெயரிலேயே எழுதலாம், ஆனால் புதனுக்குள். வேறு ஆட்களும் கேட்கிறார்களாம். வென்றாச்சு! அந்த மிதப்பில் தோசை இரண்டு கூட.

ஜூன் 16, திங்கள்

காலையில் புதுக்கடை நீதிமன்றம். வழக்குக்குத் தவணை மட்டும். ஒப்பந்தத்தை நான் சொல்லச் சொல்ல கிளார்க் சுனில் டைப் அடித்து முடித்தார்.

பின்னேரம் அலுவலகத்துக்குச் செல்வி. வரிவரியாக வாசிக்கச் சொன்னாள். சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. ஏழாம் பிரிவு மட்டும் இரண்டு தரம்: சின்னத் திருத்த வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "வாசித்து விளங்கப்படுத்தப்பட்ட பின்னர், தனது இடது பெருவிரல் அடையாளத்தை..."

"நில்லுங்கோ அக்கா. நான் ஏ.எல். சோதினை பாஸ். கையெழுத்து வைப்பன்."

சுனில் மைப்பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார். மெல்ல மூடினார்.

இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வேலை. கண் தெரியாதவர் என்றதும், எழுதத் தெரியாதவர்களுக்குப் போடும் வாசகத்தை வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. கையெழுத்து வைப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். மாஸ்டரோடு அந்தப் பாய்ச்சல் பாய்ந்தவள்! வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல அக்கா, எல்லா இடத்திலயும் இப்பிடித்தான்."

அதுதான் இன்னும் சுட்டது. அந்த எல்லா இடங்களில் நானும் ஒன்று. கடைசிப் பக்கம் முழுதும் திருப்பி அடிக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

மழை விட்டது. வாங்க வேண்டியவை: பால்மா, குடை (மலிவானது போதும், எப்படியும் தொலையும்).

நாலு மணிக்குச் செல்வி, அண்ணன், மாஸ்டர் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். செல்வி கைப்பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்தாள். பிஸ்கட் பெட்டியில் வெட்டியது, நடுவில் நீளமாக ஒரு துவாரம். கையெழுத்துக் கோட்டில் அதைப் பொருத்திக் கொடுத்தேன். துவாரத்துக்குள் விறுவிறுவென்று வைத்தாள். நேர்க்கோடு.

அடுத்தது மாஸ்டர். அவருடைய கையெழுத்து சாட்சிகளின் இடம் வரை இறங்கிப் போனது.

"ஐயாவுக்கும் அந்த அட்டையைக் குடுங்க மிஸ்" என்றார் சுனில். மாஸ்டரே சிரித்துவிட்டார்.

அண்ணனுக்குத்தான் முகம் வாடியது. "அப்ப நான் சாட்சி மட்டுந்தானோ?" ஓம் என்றேன். பாவம், பேனையை வாங்கி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து வைத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். பல்வலி. குடை இன்னும் கையில் இருக்கிறது.

செல்வியின் போன். மாஸ்டர் ஏதும் சொல்லிவிட்டாரோ என்று நினைத்தபடி எடுத்தேன்.

"அக்கா, அறையில பல்ப் எரியேல்லையாம்! இண்டைக்கு அண்ணா வந்து சொல்லித்தான் தெரியும். குடிவந்து மூண்டு நாளா இருட்டுக்குள்ள இருந்திருக்கிறன்." சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. பின்னால் அண்ணனின் குரல்: "விடு, நான் வாங்கிப் போட்டுவிடுறன்."

"பொறுங்கோ அண்ணா. அக்கா, ஏழாம் பிரிவில பல்ப் மாத்திறது ஆர்?"

"குடியிருப்பவர்."

"அப்ப நான்தான். அண்ணா, நான் வாங்கிக்கொண்டு வாறன். நீங்க கதிரையைப் பிடிச்சாப் போதும், நான் ஏறுறன்."