டாலியின் பின்னங்கால்கள்

ஜூலை 19, சனி

புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டு ஒரகடம் பக்கம் போய்விட்டது.

போன மாதம் எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், காலு நல்லா இருந்தா நடந்துடலாம்தானே?" இன்றாக இருந்தால் டாலியைக் காட்டியிருப்பேன். எட்டு மாத நாய்க்குட்டி. காலில் அடி இல்லை, வீக்கம் இல்லை. ஆனாலும் பின்பக்கம் தள்ளாட்டம். தொடைச் சதை வற்றி எலும்பு தட்டுகிறது. பின்னங்கால் விரலைக் கிள்ளினால் திரும்பிப் பார்க்கிறாள். காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

சேகருக்கு போன். என் தம்பி; வடக்குப்பட்டில் நாய் வளர்த்து குடோன் காவலுக்கு விற்பவன். டாலியும் அவன் தந்ததுதான். "தனியா கீற, தொணைக்கு வெச்சுக்கோ" என்று மடியில் வைத்தான்.

"கால்சியம் கம்மிக்கா. முட்டை குடு."

நாளைக்கு: முட்டை, வெண்டைக்காய், கேஸ் புக்கிங்.

ஜூலை 21, திங்கள்

மறைமலை நகர் நாய் டாக்டர். ஆட்டோக்காரர்: "டீச்சர், இதுக்கும் அரை டிக்கெட்டு போடட்டா?" சிரித்தேன். போகும்போது.

முதுகுத்தண்டில் கோளாறு. சதைக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பம்ப்செட் மோட்டாரில் பழுதில்லை, கரண்ட் போகும் ஒயர்தான் போச்சு. மோட்டாராவது அப்படியே கிடக்கும். கட்டளை வராத சதை கரைந்துவிடுகிறது. பரம்பரை நோய். தாயும் தகப்பனும் நன்றாகவே ஓடும். இருவரிடமிருந்தும் குறை சேர்ந்து வந்த குட்டிக்குத்தான் ஆபத்து. மருந்து கிடையாது. அடுத்து முன்னங்கால். பிறகு மூச்சு.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இதே ஜோடியோட போன ஈத்துலயும் ஒண்ணு இப்படி வந்துச்சே. ரெண்டும் கூடப்பொறந்ததுங்க, இனி சேர்க்காதீங்கன்னு உங்க தம்பிகிட்ட அப்பவே சொன்னேன்."

குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

சேகர் வந்தான். டாலி முன்னங்காலால் ஊர்ந்து அவனிடம் போனாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"எல்லாத்துக்குமாக்கா வருது? உன்னுதுக்கு வந்தா நான் இன்னா பண்றது?"

"அண்ணன் தங்கச்சியையாடா சேர்ப்பே?"

"ஒரே ஈத்துல சேர்த்தாதான் ரத்தம் சுத்தம். பார்ட்டி அதைத்தான் கேக்கறான். வுடு, வேற குட்டி தரேன்."

டீ வேண்டாம் என்றான். வாசலில் நின்று: "பிள்ளைப்பாக்கத்துக்காரர் ஒருத்தர் போன் பண்ணுவாரு. எங்கக்கா சயின்ஸ் டீச்சரு, அவங்க வூட்லயே இந்த ஜோடிக் குட்டிதான்னு சொல்லிக்கீறேன். நல்லா கீதுன்னு மட்டும் சொல்லிடு. எப்பவும் அப்டித்தான் சொல்லினுகீறேன்."

எப்பவும். அதற்குத்தான் டாலியை என் மடியில் வைத்திருக்கிறான். துணைக்கு இல்லை.

ஜூலை 23, புதன்

தூறல். டாலியின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நடத்தினேன். வேப்பமரம் வரை. மோர்சாதம் முழுக்கச் சாப்பிட்டாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் அந்த போன். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"டீச்சரம்மா, நைட் ஷிப்ட் போறவன் நானு. பசங்க நாய்க்குட்டி கேட்டு ஒரே அடம். உங்களுது நல்லா கீதா?"

சேகரின் முகம் வந்தது. அம்மா போனபின் எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

"நல்லா இல்லப்பா. எழுந்து நிக்கல. என் தம்பி அப்பா அம்மா நாய் ரெண்டையும் ஓடவிட்டுக் காட்டுவான், அதை நம்பாதே. இதுக்கு முன்ன போட்ட குட்டிங்க எங்க இருக்குன்னு கேளு. ஒண்ணொண்ணா நேர்ல போயி, நடக்கவிட்டுப் பாரு."