சம்பந்தி வாசலில் நிறுத்த ஒரு பஸ்

2006 டிசம்பர் 3, ஞாயிறு

காலையில் பனி. மாவு புளிக்கவில்லை. தோசை எல்லாம் வெளிறிப்போய். வாங்க வந்தவர்களிடம் நானே சொல்லிவிட்டேன், இன்றைக்குச் சுமார்தான் என்று.

மத்தியானம் முருகேசன் பட்டறையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே மாவ்பிக்குக் கூட்டிப்போனான். பஸ் பார்க்க. வழியெல்லாம் முணுமுணுப்பு. பெற்றவள் கேட்டால் மகன் வரத்தான் வேண்டும்.

ஜப்பான் பஸ். பழசு. படம் எடுக்கிற முதலாளி யாரோ, நடிகைகள் இளைப்பாற வீடாக மாற்றினதாம். வெளியே பாசி. சக்கரத்துக்கு அடியில் கோழி அடைகாக்கிறது. உள்ளே ஏறினேன். சிவப்பு வெல்வெட் இருக்கை. இரட்டை அடுப்பு. குட்டி ஐஸ்பெட்டி. கண்ணாடி பதித்த குளியலறை. சுவரோடு சுவராக ஒரு கட்டில், வாரை இழுத்தால் காலை நீட்டிக்கொண்டு இறங்குகிறது. படுத்துப் பார்த்தேன். மு. தலையில் அடித்துக்கொண்டான்.

பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் ஊ தின், பர்மாக்காரர், வாய் நிறைய வெற்றிலை. என்னை "அமே" என்று அம்மா முறை வைத்தே கூப்பிட்டார். "அமே, இது பஸ் இல்ல, சக்கரம் வெச்ச பங்களா."

மு.: "பங்களா நகருமா? அதக் கேளும்மா."

என் இரட்டை வடச் சங்கிலியைக் கொடுத்தால் ஈடாகுமாம். யோசனை.

வாங்க: சேமியா. விளக்குத் திரி. பேத்தி மீனுவுக்குக் கம்பளிச் சட்டை. அளவு தெரியவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

கீழ்வீட்டு மா கின் கேட்கிறாள், "இந்த வயசுல உனக்கு எதுக்கு பஸ்?" அவளுக்கு என்னத்தைச் சொல்ல. இங்கே எழுதுகிறேன்.

மகள் செல்வியை மோல்மேனில் கொடுத்தேன். பெண் கொடுத்த வீட்டில் தாய் இராத் தங்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆனாலும் மீனு பிறந்ததும் மனசு கேட்காமல் போனேன். கால் கழுவி உட்காருகிறேன், காபிகூட வரவில்லை, சம்பந்தியம்மாள் கேட்கிறாள், "எத்தன நாள் தங்குறதா உத்தேசம்?" அன்று சாயங்காலமே படகில் ஆற்றைத் தாண்டி ரயிலேறிவிட்டேன். அப்புறம் வந்த காபியைத் தொடவில்லை. மீனு அப்போது கைக்குழந்தை. இப்போது ஓடுகிறாள், பேசுகிறாள். நான் போகவேயில்லை. செல்வியும் வர முடியாது, அவர்கள் கடையில் ஆள் இல்லையாம்.

இப்போது ஆற்றுக்கு மேலே பாலம் வந்துவிட்டது. பஸ் நேரே சம்பந்தி வாசலுக்கே போகும். என் அடுப்பில் என் சோறு. என் கட்டிலில் என் தூக்கம். மீனு படியேறி என்னிடம் வருவாள். ஒரு ராத்திரி என் பக்கத்தில் தூங்கினாலும் தூங்குவாள். அவர்கள் கூரைக்குக் கீழே நான் இல்லை. எத்தனை நாள் என்று எவர் கேட்க முடியும்?

டிசம்பர் 7, வியாழன்

மு. தனியாகப் போய் மறுபடி பார்த்து வந்தான். அடிச்சட்டம் நல்ல இரும்பாம். எஞ்சினைப் பிரித்தால் ஓட்டிவிடலாமாம். "டீசலுக்கு என்ன பண்றது? கவர்மென்ட் கோட்டா புஸ்தகத்துல குடுக்குறது இது இருமுறதுக்கே காணாதும்மா."

சிரித்துவிட்டேன். அப்புறம் கோபம்.

"உன் தங்கச்சி புள்ளய நீயாச்சும் போய்ப் பாத்தியா?"

"தீவாளிக்குப் போனேனே. அவங்க வீட்டுலதான் தூங்கினேன். யாரும் கடிக்கல."

ஆம்பிளைக்கு என்ன.

சாயங்காலம் மா கின் வீட்டு போனில் செல்வி. மீனுவைப் பேச வைத்தாள். அதற்குத் தமிழ் கொஞ்சம்தான். "ஆயா, லாமலா?" வருவாயா என்று பர்மா பேச்சில் கேட்கிறது. வருவேன் கண்ணு, வீடு மாதிரி பஸ், உள்ளே கட்டில் இருக்கு, நீயும் ஆயாவும் படுக்கலாம் என்றேன். எவ்வளவு புரிந்ததோ. "கட்டில்" என்று மட்டும் திருப்பிச் சொன்னது.

வாசலில் நிறுத்தலாமா என்று மாமனாரிடம் கேட்கிறாளாம் செல்வி. கேள் என்றேன். சங்கிலியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி வைத்தாயிற்று. முடிவுதான்.

டிசம்பர் 9, சனி

முட்டி வலி. உளுந்தில் கல். செல்வி போன்.

சம்பந்தி வார்டு ஆபீசில் விசாரித்திருக்கிறார். வெளியூர் ஆள் இராத் தங்கினால், எந்த வீட்டுக்கு விருந்தாளி என்று இருட்டுவதற்குள் பதிய வேண்டும். இங்கே எங்கள் பேட்டை பசுந்தாங்கிலும் அதேதான், மா கின் வீட்டுக்கு யார் வந்தாலும் பதிய ஓடுகிறாளே. எனக்கு எப்படி மறந்தது? பஸ்ஸுக்கு ஆபீசில் வீட்டுப் பட்டியல் கிடையாது. சக்கரத்தில் இருப்பவளுக்கு வார்டு எது? ஆக, வாசலில் படுத்தாலும் நான் சம்பந்தி வீட்டு விருந்தாளிதான்.

"எத்தன நாள்னு ஆபீசுல கேட்டாங்களாம்மா," என்றாள்.

சுருக்கென்றது. "என்ன சொன்னாராம்?"

"அத்தைதான் சொல்லி அனுப்பியிருந்தாங்க, 'அவங்க இஷ்டம், எம்புட்டு நாளும் இருக்கட்டும், கூட்டியே எழுதிட்டு வாங்க'ன்னு."

"யாரு, உங்க அத்தையா?"

"அத்தைதான். அன்னிக்கும் பதியிறதுக்குத்தான் கேட்டாங்களாம். அவங்க ஆபீசுக்குப் போகச் செருப்ப மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள நீ மூட்டையத் தூக்கிட்டியாம்."

போனை மா கின்னிடம் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

தோசை நன்றாக வந்தது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 11, திங்கள்

மறுபடி மாவ்பி. பஸ் வேண்டாம், கட்டிலை மட்டும் கொடுங்கள் என்றேன். ஊ தின் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம். "கட்டில எடுத்துட்டா பங்களாவ எவன் வாங்குவான், அமே?" "வாங்குறவன் கட்டிலோட வருவான்," என்றேன். கடைசியில் மனுஷன் இறங்கி வந்தார், முருகேசன் அவருடைய ஜீப்புக்குப் பிரேக் பார்த்துக் கொடுப்பதாகப் பேச்சு.

மு. ஸ்க்ரூ கழற்றுகிற நேரம் வெல்வெட் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகக் கத்தரித் தோட்டம் தெரிந்தது. பஸ் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. எனக்கு மட்டும் தோட்டம் நகருகிற மாதிரி.

நல்ல பஸ். பிடித்திருந்தது.

டிசம்பர் 13, புதன்

பஸ் ஸ்டாண்டில், லைன் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எழுதுவது. மூட்டையில்: என் காபித்தூள், முறுக்கு, கம்பளிச் சட்டை (பெரிய அளவாகவே வாங்கினேன், வளருகிற பிள்ளை). கூரைமேல் கட்டில், கயிறு போட்டு.

மு. ஜன்னலோரம் நின்றுகொண்டு, "சம்பந்தி வீட்டுல கட்டில் இல்லையாம்மா?"

"இருக்கும். இது என்னோடது."

கண்டக்டர் கட்டிலுக்கும் ஒரு சீட்டுக் கிழித்தான். திரும்பி வரவும் இப்போதே எழுதிவிடவா, எத்தனை நாளில் வருகிறாய் என்று கேட்கிறான்.

போக மட்டும் எழுது என்றேன்.