உன் இருக்கையில் அண்ணன்

என் ஆசை மச்சாள் றோசலினுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நேற்று ரோலர் கோஸ்டர் ஏறினேன். அதுவும் புத்தம் புதியது. நாங்கள் முதன்முதலில் ஏறினதை விட இரண்டு மடங்கு உயரம், நடுவில் ஒரு தரம் ஆளைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றி எடுக்கிறது. பக்கத்தில் யார் இருந்தார் தெரியுமா? உன் மனுசன்! ஓமடி, என்னுடைய அண்ணனேதான். நீ அங்கே விழுந்து விழுந்து சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

சென்னையில் விடுதி அறையில் இருந்து எழுதுகிறேன். இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேள். உனக்கு அலுக்காத கதை இது ஒன்றுதானே.

பேசாலையில் கருவாடு வாங்கி விற்கிற என்னோடு நிழல் போலத் திரிந்தவள் நீ. இலுப்பைக்கடவைப் பக்கம் வயல்காரர் வீட்டில் பிறந்து, கடற்காரனான என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் தீவுக்கு வந்தாய். வந்து என்ன? வள்ளத்தில் கால் வைக்கமாட்டாய். ஒரேயொரு தரம் அண்ணன் ஏற்றிக்கொண்டு போனபோது, கரை மறையுமுன்னமே நீ சத்தி எடுத்ததை அவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "இவளுக்கு வரம்பில நடக்கத்தான் தெரியும்" என்று உன்னை வைத்துக்கொண்டே சொல்வார்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு கடல் கடந்து வேளாங்கண்ணிக்கு யாத்திரை போனோம். எங்கள் பக்கத்து யாத்திரைக் கூட்டங்கள் திரும்புகிற வழியில் சென்னையில் ஒரு நாள் தங்கும். காலையில் புடவைக்கடை, பின்னேரம் விளையாட்டுப் பூங்கா. மாதாவைக் கும்பிட்ட கையோடு ராட்டினத்தையும் பார்த்துவிட்டு வருவது எங்கள் சனத்தின் வழக்கம். அன்றைக்கு எல்லோரும் மர நிழலில் சோத்துப் பாசலை அவிழ்க்க, நீ மட்டும் அந்த இரும்புத் தண்டவாளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய்.

"மச்சாள், உதில ஏறுவமே?"

"வள்ளத்திலயே உனக்கு வயித்தைப் பிரட்டும். உதில ஏறினா குடலே வெளியில வந்திடும்."

"கடல்ல கீழ என்ன கிடக்குதெண்டு தெரியாது. உதில கீழ நிலம் தெரியுது. நிலம் தெரிஞ்சா எனக்குப் பயமில்லை."

ஏறினோம். கடலில் வளர்ந்த நான் முகம் வெளிறி இறங்கினேன். நீயோ கொண்டை அவிழ்ந்து, கண் பளபளத்து, "இன்னொருக்கா!" என்றாய். அன்று பிடித்த பைத்தியம் மச்சாள், இன்றுவரை விடவில்லை.

அதன் பிறகு சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று எங்கே வியாபாரம் பேசப் போனாலும் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். "சந்தை பாக்கப் போறம்" என்று ஊருக்குச் சொன்னோம். அது பொய்யில்லை. ஒரு பயணத்தில் ஒரு வேலையை மட்டும் பார்த்துவிட்டு வருகிற ஆள் நானில்லை. காலையில் கருவாடு பேசுவேன், மத்தியானத்துக்குப் பிறகு உன்னோடு வரிசையில் நிற்பேன்.

வயது போகப்போக எங்கள் ஆயத்தங்கள்தான் கூடின. ஏறுகிற நாளில் வெறும் தேத்தண்ணியும் பிஸ்கற்றும். பிரஷர் குளிசை மறக்கக்கூடாது. உன் பல்லுச் செட்டைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி என் பைக்குள் வைப்போம். என் முழங்கால் லேசில் மடங்காது என்று நீ முதலில் ஏறி என்னை உள்ளே இழுப்பாய். இளசுகளுக்கு இது விழுந்துவிடுமோ என்று பயம். எங்களுக்கோ, ஏற்றாமல் விட்டுவிடுவார்களோ என்று பயம். கோலாலம்பூரில் வாசலில் நின்ற பெடியன் வயது கேட்டபோது, நரைத்த தலையோடு, வாயில் ஒரு பல்லும் இல்லாமல், "ஐம்பது" என்றாயே! அவன் சிரித்த சிரிப்பில் எங்களை ஏற்றிவிட்டான்.

என்ன சுகம் அதில் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எங்கள் வயதுப் பெண் வாய்விட்டுக் கத்துவதற்கு ஊரில் செத்தவீட்டை விட்டால் வேறு இடம் ஏது? அங்கே மேலே போய்க் கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரும் கத்திக்கொண்டுதான் இருப்பார்.

பிறகு உனக்குச் சீனி வருத்தம் முற்றிக் கிட்னியில் இறங்கியது. அதையும் இதையும் பார்த்தோம், பலிக்கவில்லை, நீ போய்விட்டாய். உன்னுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து பந்தியில் சனம் இருக்கும்போது அண்ணன் எல்லோர் முன்னாலும் என்னைக் கைகாட்டினார்.

"உவள்தான் என்ர மனுசியைக் கொண்டுபோய் ஆட்டிக் குலுக்கிச் சாகடிச்சவள்."

டொக்டர் விளங்கப்படுத்தினார், பாதர் பேசிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு நான் அனுப்பின பலகாரத் தட்டு மூடின துணி விலகாமல் திரும்பி வந்தது. எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவர், மச்சாள். நான் என்ன செய்ய? இனி ஏறாமல் விட்டால், அவர் சொன்னது உண்மைதான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. ஏறினால் எனக்கு அண்ணன் இல்லை.

இந்த மாதம் உனக்கு வருசம் திரும்பியது. குடும்பமாக வேளாங்கண்ணிக்கு வந்து உன் பேரில் பூசை வைத்தோம். பஸ்ஸில் அவர் முன் இருக்கை, நான் கடைசி இருக்கை. நேற்று பழைய வழக்கப்படி பஸ் பூங்கா வாசலில் நின்றது. புறப்படுமுன் கொழும்பில் நெஞ்சைச் சோதித்துக்கொண்டுதான் வந்தேன், மறைக்கமாட்டேன். "கழுத்தை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ அம்மா" என்று அந்த டொக்டர் பிள்ளை விட்டுவிட்டது. ஆனாலும் அண்ணன் கண் முன்னால் ஏற மனம் வரவில்லை. மரத்தடியில் குந்தினேன்.

செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், அவர்.

"எடியே, எது?"

"என்ன எது?"

"அவள் ஏறினது."

"அதைக் கழட்டிப்போட்டாங்கள் அண்ணை. இப்ப அந்த இடத்தில இதுதான்."

அண்ணாந்து பார்த்தார். ஒரு பெட்டிவரிசை மேலிருந்து சரிந்து விழுந்தது, சனம் வீரிட்டது. அவர் முகம் இறுகிப்போனது. நான் ஒரு சாமானை வாங்குமுன், அதை முன்பு வாங்கினவன் முகத்தைப் பார்க்கிறவள். அதையே அவருக்கும் சொன்னேன்.

"ஏறுறவையைப் பாக்காதேங்கோ. இறங்கி வாறவையைப் பாருங்கோ."

நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சிரிச்சுக்கொண்டெல்லே வருதுகள்."

"ஓம்."

"நட. நான் ஏறிப் பாக்கவேணும்."

"உங்களுக்குப் பிரஷர்..."

"உன்ர டொக்டரை விட நான் சுகமாயிருக்கிறன். நடவடி."

மச்சாள், நீ பார்த்திருக்க வேண்டும்! வள்ளத்தில் ஏறுகிற மாதிரி ஏறினார். மடியில் விழுந்த இரும்புக் கட்டையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னதற்கு அந்தப் பெடியனை முறைத்தார். உச்சியில் இருந்து விழுந்து முதலாவது வளைவில் சரிந்ததும், மனுசன் முழுப் பாரத்தையும் மறுபக்கம் எறிந்து, கடலில் கத்துகிற அதே குரலில் கத்தத் தொடங்கிவிட்டார்.

"இடப்பக்கம் சாயுங்கோ! கவிழப்போகுது! எல்லாரும் இடப்பக்கம் சாயுங்கோ!"

பின்னால் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் முழுப்பேரும் சாய்ந்தார்கள்! அடுத்த வளைவில் அவர் "வலப்பக்கம்!" என்றதும் அதற்கும் சாய்ந்தார்கள். தலைகீழாகப் போனபோது எந்தப் பக்கம் சாய்வது என்று அவருக்கே தெரியவில்லை, "ஐயோ மாதாவே!" என்ற ஒரு சத்தம்தான். நான் சிரித்த சிரிப்பில் கத்த மறந்துபோனேன்.

இறங்கினபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். இயக்குகிற பெடியன் வந்து, "தாத்தா, இது கவுந்துடாது. தண்டவாளத்துக்குக் கீழயும் சக்கரம் புடிச்சிருக்கு" என்றான்.

"தம்பி, உப்பிடிச் சொன்ன எத்தினை பேரை நான் கடலுக்குள்ள இருந்து தூக்கினனான் தெரியுமோ?"

பிறகு வாங்குப் பலகையில் குந்தி மூச்சு வாங்கினார். கண் நனைந்திருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

"அவள் பயந்தவளோ?"

"ஓம். நிலம் தெரிஞ்சாப் பயமில்லை எண்டு சொல்லுறதெல்லாம் சும்மா. ஒவ்வொரு தரமும் என்ர கையை நகம் பதியப் பிடிப்பாள்."

"அப்ப ஏன் ஏறினவள்?"

இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும் நான் உன்னை அதைக் கேட்டதில்லையே.

அண்ணன்தான் மறுபடி பேசினார். "என்னையும் வரச்சொல்லிக் கேட்டவள். கடல் என்னைச் சும்மா ஆட்டுது, காசு குடுத்தும் ஆடவேணுமோ எண்டு கேட்டனான்." செருப்பின் வாரை இழுத்துவிட்டார். "இவ்வளவு கத்தினன். ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை, என்ன?"

"கேக்கமாட்டினம் அண்ணை."

உன்னை அடக்கம் செய்த அன்று அவர் வாய் திறந்து அழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"எழும்பு" என்றார். "வரிசை நீளுது."

இரண்டாம் தரம் அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. உச்சியில் இருந்து கீழே வரும்வரை உன் பேரைச் சொல்லிக் கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன்.

என் மேல் குற்றம் சொன்னதற்கு வருத்தமென்று ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார், அவரை உனக்குத் தெரியும். ஆனால் இன்று காலை தனியே கடைக்குப் போய் ஒரு சப்பாத்து வாங்கி வந்தார். கலியாணத்துக்குப் பிறகு அந்தக் கால் சப்பாத்தைக் கண்டதில்லையே! செருப்புச் சரிவராதாம், கோலாலம்பூரில் இதைவிடப் பெரிசு இருக்குதாமே என்றார். பிறகு கதிரையில் இருந்துகொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாமல், என் பக்கம் காலை நீட்டினார். முழங்கால் நொந்தாலும் குந்தியிருந்து கட்டிவிட்டேன்.

கூட்டிக்கொண்டு போவேன் மச்சாள். முதலில் நெஞ்சைச் சோதிப்பிப்பேன், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். டொக்டர் வேண்டாம் என்றால் இரண்டு பேரும் கீழே நின்று, ஏறுகிற பிள்ளைகளுக்காகக் கத்துவோம். எப்படியானாலும் உன் மனுசனை இனித் தனியே இருந்து மௌனம் காக்க விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் மனுசனின் தங்கச்சி,
உன் மச்சாள்,
பிலோமினா